எம்35ஏ2 லாரியும் எம்105ஏ2 டிரெய்லரும்: எதை முதலில் கழற்றுவது, எதை மாற்றாமல் விடுவது

கேள்வி இதுதான்: அமெரிக்க ராணுவ உபரி ஏலத்தில் எம்35ஏ2 (இரண்டரை டன், 6×6) லாரி ஒன்றும், அதோடு எம்105ஏ2 டிரெய்லர் ஒன்றும் வாங்கியாகிவிட்டது. இரண்டும் பல வருடம் நின்றவை. எஞ்சினை உடனே கிளப்பிப் பார்க்கலாமா? பெரிய டயர், 12 வோல்ட், ஒரு பின் ஆக்சிலை எடுத்துவிட்டு 4×4 ஆக்குவது, இவற்றில் எது செய்யத் தக்கது? டிரெய்லரை சாதாரண பிக்கப்பில் இழுக்கலாமா?

எஞ்சினை உடனே கிளப்ப வேண்டாம். பல வருடம் நின்ற இந்த வண்டியில் எஞ்சின் பெரும்பாலும் கிளம்பிவிடும், பிரேக்தான் பிடிக்காது. 13,000 பவுண்டு எடையுள்ள வண்டி, பிரேக் முழுக்க ஒரே ஹைட்ராலிக் சர்க்யூட். ஒரு குழாய் உடைந்தாலும், ஒரு வீல் சிலிண்டர் பிய்த்துக்கொண்டாலும் ஆறு சக்கரத்துக்கும் சேர்த்துப் பிரேக் போய்விடும். நீங்கள் கேட்டிருக்கிற மாற்றங்களில் 12 வோல்ட் தவிர மற்ற எல்லாமே பிரேக்கின் மேல்தான் கூடுதல் பாரத்தை ஏற்றுகின்றன. அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

அதற்கு முன் இரண்டு சின்ன வேலை. ஏலத்தோடு வரும் எஸ்எஃப்-97 சான்றிதழில் உள்ள சீரியல் எண்ணும் வண்டியின் டேட்டா பிளேட்டில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். அந்தத் தாளை வைத்துத்தான் மாநிலத்தில் டைட்டில் வாங்க வேண்டும். எண் ஒத்துவராவிட்டால் ஒரு ஸ்பானரைக்கூடத் தொடுவதற்கு முன் அதைத் திருத்திக்கொள்ளுங்கள். இரண்டாவது, ராணுவ மேனுவல்கள். லாரிக்கு டிஎம் 9-2320-361 வரிசை. -10 ஓட்டுநருக்கு, -20 பட்டறைக்கு. இவை இலவசமாகவே கிடைக்கும். டார்க் அளவுகளை (நட்டை, போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற அளவு) யாரோ சொன்னார்கள் என்று வைக்காதீர்கள், -20 புத்தகத்தைப் பார்த்து வையுங்கள்.

பிரேக். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஹைட்ராலிக் அழுத்தம் தருகிறது. ஃபிரேமில் இருக்கும் ஏர்பேக் (Air-Pak, காற்றால் இயங்கும் பிரேக் பூஸ்டர்; விபத்தில் விரியும் காற்றுப் பை அல்ல), டேங்கில் உள்ள காற்றைக் கொண்டு அந்த அழுத்தத்தைப் பல மடங்காக்கி வீல் சிலிண்டர்களுக்கு அனுப்புகிறது. காற்று இல்லாவிட்டாலும் பிரேக் கொஞ்சம் பிடிக்கும், ஆனால் பெடல் கல் மாதிரி இருக்கும்.

முதலில் திரவம் என்ன என்று கண்டுபிடியுங்கள். இந்த வண்டிகள் டாட் 3 திரவத்தோடு தொடங்கியவை. பிறகு ராணுவம் சிலிகான் திரவமான டாட் 5-க்கு மாறியது. இரண்டும் ஒன்றோடொன்று கலக்காது. மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநர் காலடியில், தளத்தகட்டுக்குக் கீழே இருக்கிறது. அதிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒரு கண்ணாடிக் குப்பியில் தண்ணீரோடு குலுக்கி வையுங்கள். டாட் 3 என்றால் தண்ணீரோடு கரைந்துவிடும், சிலிகான் தனி அடுக்காகப் பிரிந்து நிற்கும். நிறத்தை மட்டும் நம்ப முடியாது, பழைய சிலிகானில் ஊதா வெளுத்துப்போயிருக்கும். குப்பியில் கூழ் மாதிரி ஏதாவது வந்தால் யாரோ இரண்டையும் கலந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அப்படியானால் மாஸ்டர், ஏர்பேக், ஆறு வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ்கள் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதுதான். வெறுமனே ஃபிளஷ் செய்து தப்பிக்க முடியாது, டாட் 3-இன் மிச்சம் மூலை முடுக்கில் தங்கி ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

மாஸ்டரில் திரவம் குறைகிறது, ஆனால் வெளியே எங்கும் கசிவு தெரியவில்லை என்றால் ஏர்பேக்கைச் சந்தேகப்படுங்கள். அதன் ஹைட்ராலிக் சீல் போனால் திரவம் காற்றுப் பக்கத்துக்குள் போய் அங்கேயே தேங்கும். இல்லாவிட்டால் காற்றோடு வெளியேறும். பெரிய சிலிண்டரின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், உள்ளிருந்து திரவம் வழிந்தால் விடை கிடைத்துவிட்டது. காற்றுக் கசிவுக்குக் காதே போதும். பெடலைத் தொடாதபோது சீறினால் குழாயிலோ இணைப்பிலோ கசிவு. பெடலை மிதித்துப் பிடித்திருக்கும்போது மட்டும் சீறினால் ஏர்பேக். இடத்தைத் துல்லியமாகக் காட்டச் சோப்புத் தண்ணீர்.

பெடலில் சிறிது தளர்வு இருந்தே ஆக வேண்டும். "இறுக்கமாக இருந்தால் நல்லது" என்று சிலர் புஷ்ராடை நீட்டிவிடுவார்கள். அப்போது மாஸ்டரின் பிஸ்டன் முழுசாகத் திரும்பி வராது, டேங்குக்குத் திரவம் திரும்பும் சிறு துளை மூடியே கிடக்கும். ஓடும்போது சூட்டில் திரவம் விரியும், போக வழியில்லாமல் ஷூக்களைத் தள்ளும், டிரம் இன்னும் சூடாகும். கடைசியில் வண்டி தானாகவே நின்றுவிடும். ஆறிய பிறகு ஒன்றுமே நடக்காதது போல ஓடும், அதனால்தான் இந்தக் கோளாறைப் பலர் தவறான இடத்தில் தேடுகிறார்கள்.

டிரம்மைக் கழற்ற ஹப்பையே வெளியே எடுக்க வேண்டும். பின் சக்கரத்தில் ஆக்சில் ஷாஃப்டின் ஃபிளாஞ்சு போல்ட்டுகள், வெளி நட், பூட்டுத் தகடு, உள் நட், வெளிப் பேரிங், அப்புறம் ஹப்பும் டிரம்மும் சேர்ந்து வரும். இத்தனை பாடுபட்ட பிறகு பேரிங்கை அப்படியே திரும்ப மாட்டுவது வீண். துடைத்து, பார்த்து, புது க்ரீஸ் அடைத்து, உள் சீல், வெளி சீல் இரண்டையும் மாற்றிவிடுங்கள். இங்கே ஒரு இடம் கவனிக்க வேண்டியது: ஸ்பிண்டிலில் நீளவாக்கில் ஒரு சாவித் தடம் இருக்கிறது. ஆக்சில் எண்ணெய் அந்தத் தடம் வழியாகச் சீலுக்கு அடியில் புகுந்து ஹப்புக்குள் வரும், க்ரீஸைக் கரைக்கும், பிறகு பிரேக் லைனிங்கை நனைக்கும். சீல் உட்காரும் இடத்தில் அந்தத் தடத்தைச் சிலிகான் சீலன்ட் வைத்து நிரப்பிவிட்டால் போதும். புதுச் சீல் போட்டும் எண்ணெய் ஒழுகுகிறது என்று சொல்பவர்களில் பாதிப் பேர் இதைச் செய்திருக்க மாட்டார்கள். எண்ணெயில் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிப் பயன்படுத்துவது வேண்டாம், சூடானதும் எண்ணெய் திரும்ப மேலே வரும். பழைய லைனிங் தூளைக் காற்றடித்து ஊதவும் வேண்டாம், ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

சர்க்யூட்டை இரண்டாகப் பிரிப்பது இந்த வண்டிக்கு நான் முதலிடம் தரும் மாற்றம். இரட்டை மாஸ்டர் சிலிண்டர் வைத்து முன் ஆக்சில் ஒரு சர்க்யூட், பின் இரண்டு ஆக்சில் இன்னொரு சர்க்யூட். ஆனால் இரட்டை மாஸ்டரை மட்டும் வைத்துவிட்டு இரண்டு குழாயையும் பழைய ஏர்பேக் ஒன்றிலேயே சேர்த்தால் பிரித்ததாகவே ஆகாது. ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் தனி பூஸ்டர் வேண்டும்.

சக்கரங்கள். இடது பக்க ஸ்டட்டுகள் இடதுமரை, வலது பக்கம் வலதுமரை. இடது பக்கம் நட்டைக் கழற்ற வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். இது தெரியாமல் நீளக் குழாய் போட்டு ஸ்டட்டை முறித்தவர்கள் ஏராளம். பின்பக்க இரட்டைச் சக்கரத்தில் உள்சக்கரத்தைச் சதுரத் தலை நட் பிடித்திருக்கிறது (13/16 அங்குலச் சதுரம்), அதன் மேல் வெளிச்சக்கரத்தின் 1½ அங்குல அறுகோண நட். வெளி நட்டை மட்டும் இறுக்கிவிட்டுப் போனால் உள்சக்கரம் தளர்ந்திருப்பது தெரியவே தெரியாது. முறை: ஒரு வெளி நட்டைத் தளர்த்தி, அதன் உள் நட்டை இறுக்கி, மறுபடி வெளி நட்டை இறுக்கி, அடுத்ததற்குப் போவது. புதிதாக மாட்டிய பிறகு கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இதையே திரும்பச் செய்யுங்கள்.

ரிம்மில் பூட்டு வளையம் இருக்கிறது. டயரைப் பிரிக்கும் முன் வால்வு ஊசியையே கழற்றிக் காற்றை முழுசாக இறக்கிவிட வேண்டும். இரட்டைச் சக்கரத்தில் ஒன்றைக் கழற்றுவதானால் இரண்டிலுமே காற்றை இறக்கிய பிறகுதான் நட்டில் கை வைக்க வேண்டும். காற்றேற்றுவது இரும்புக் கூண்டுக்குள், தூரத்திலிருந்து பிடிக்கும் ஹோஸில். துருப்பிடித்து வளைந்த வளையத்தைச் சுத்தியலால் தட்டிச் சரிசெய்து மாட்டுவதும், காற்று இருக்கும்போது "உட்காரவில்லை" என்று தட்டுவதும் ஆளைக் கொல்லும் வேலை. இதில் சமாதானமே கிடையாது. பழக்கமில்லையென்றால் லாரி டயர் கடையில் கொடுத்துவிடுங்கள்.

எஞ்சின். எல்டிடி-465, ஆறு சிலிண்டர், 478 கன அங்குலம், டர்போ. டீசல், ஜெட் எரிபொருள், மண்ணெண்ணெய், அவசரத்துக்குப் பெட்ரோல் வரை குடிக்கும் என்பது இதன் புகழ். இன்று டீசலை மட்டும் ஊற்றுங்கள். இன்ஜெக்ஷன் பம்பின் ஹைட்ராலிக் ஹெட் அழுக்கைத் தாங்காது, அது போனால் மாற்று கிடைப்பதும் சுலபமில்லை. 50 கேலன் டேங்கை முழுதாக வடித்து, உள்ளே டார்ச் அடித்துத் துரு இருக்கிறதா என்று பாருங்கள். ஃபில்டர் மூன்றையும் மாற்றுங்கள். டேங்குக்குள்ளேயே மின்சாரப் பம்ப் இருக்கிறது. சுவிட்ச் போட்டதும் அதன் ரீங்காரம் கேட்க வேண்டும். அது ஓடும்போது ஃபில்டரின் காற்றுத் திருகைத் திறந்து, குமிழி நிற்கும் வரை விடுங்கள்.

டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். எண்ணெய் மட்டம் குறிக்கு மேலே இருந்து டீசல் வாடையும் அடித்தால், ஹைட்ராலிக் ஹெட்டோ அதன் பக்கத்தில் இருக்கும் எரிபொருள் அடர்த்தி ஈடுசெய்யும் கருவியோ கசிகிறது. அந்தக் கருவி, எரிபொருள் மாறும்போது அளவைத் தானாக மாற்றிக்கொள்வதற்காக வைத்தது. டீசல் மட்டும் ஓட்டுபவருக்கு அதனால் பயனில்லை, சீல் கசிவு மட்டும்தான் மிச்சம். அதனால் பலரும் அதைப் பைபாஸ் செய்துவிடுகிறார்கள். செய்தால் அதன் பிறகு பெட்ரோல் கலக்கக் கூடாது, அவ்வளவுதான்.

எண்ணெய் ஃபில்டர்கள் கேனிஸ்டர் வகை. பழைய ரப்பர் வளையம் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், பார்ப்பதற்கு இரும்பு மாதிரியே கறுத்துக் கிடக்கும். அதன் மேலேயே புதியதை வைத்தால் எஞ்சின் ஓடியதும் எண்ணெய் பீறிட்டு அடிக்கும். முள் வைத்துக் கிளறிப் பாருங்கள்.

முதல் முறை கிளப்பும் முன் எஞ்சின் ஸ்டாப் கேபிளை இழுத்து, பம்பில் இருக்கும் லிவர் முழுதாக அசைகிறதா, விட்டால் திரும்புகிறதா என்று கண்ணால் பாருங்கள். இது டீசல், சாவியால் நிற்காது. கேபிள் துருப்பிடித்திருந்தால் நிறுத்த வழியில்லை. கேபிளை இழுத்துப் பிடித்தபடியே ஸ்டார்ட்டரை இடைவெளி விட்டு விட்டுச் சுற்றுங்கள், எண்ணெய் அழுத்தம் காட்டிய பிறகுதான் கேபிளை விட வேண்டும். காற்று உள்வாயை மூட ஒரு தட்டையான பலகையோடு ஒரு ஆள் நிற்கட்டும். கையால் மூடக் கூடாது. ஈதர் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம்: குளிருக்காக உள்வாய்க் குழாயிலேயே தீப்பற்றவைக்கும் ஹீட்டர் இருக்கிறது, இரண்டும் சந்தித்தால் குழாய் வெடிக்கும்.

கவர்னர் எல்லை 2,600 ஆர்பிஎம். இறக்கத்தில் கீழ் கியரில் வண்டியே எஞ்சினைத் தள்ளி அதற்கு மேல் சுற்றவைத்தால் கனெக்டிங் ராடு வெளியே வரும். கவர்னரால் அதைத் தடுக்க முடியாது, அது டீசலைத்தான் நிறுத்தும். சக்திக்காகப் பம்பில் டீசலைக் கூட்டுகிறவர்கள் டர்போவுக்கு முன்னால் புகைச்சூட்டு மானி வைக்காமல் அதைத் தொடக் கூடாது. 1,200 ஃபாரன்ஹீட்டைத் தாண்டவிடாதீர்கள். இந்த எஞ்சினின் ஹெட் கேஸ்கட் பொறுமைசாலி அல்ல.

இனி மாற்றங்கள். 9.00-20 டயரை எடுத்துவிட்டு 11.00-20 ஒற்றைச் சக்கரம் போடுவது எல்லோரும் செய்வது. சுற்றளவு சுமார் 6 சதவீதம் கூடும், 56 மைல் உச்ச வேகம் 60-ஐத் தொடும். அதே அளவுக்குப் பிரேக்கின் பிடியும் ஏற்றத்தில் இழுவையும் குறையும். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டி. முன் டயர் பெரிதாகும்போது நின்ற இடத்தில் திருப்புவது தோள்பட்டைக்கு வேலை. நான் சொல்வது: ஸ்டீயரிங் உதவி வைக்கும் திட்டம் இருந்தால் மட்டும் 11.00-க்குப் போங்கள். அதற்கு மேல் பெரிய டயர் வேண்டுமென்றால் வேறு ரிம்மும் வேண்டும். இந்த ஆக்சிலில் 6 ஸ்டட். ஐந்து டன் வண்டியின் 10 ஓட்டைச் சக்கரம் ஏறாது.

டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் பெட்டி) ஸ்ப்ராக் (ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் கிளட்ச்) வகையா, காற்றால் மாற்றும் வகையா என்று பாருங்கள். ஸ்ப்ராக் வகையில் பின் சக்கரம் வழுக்கும்போது முன் ஆக்சில் தானாகப் பிடிக்கும். முன் டயர் பின் டயரைவிடப் பெரிதாக இருந்தால் முன் ஷாஃப்ட் மெதுவாகச் சுற்றும், கேஸ் அதை வழுக்கல் என்று எடுத்துக்கொண்டு காய்ந்த ரோட்டிலேயே பிடித்துவிடும். எனவே ஆறு இடத்திலும் ஒரே அளவு. இரட்டைச் சக்கரமாகவே வைத்திருப்பவர்கள், ஜோடி டயர்களின் விட்டத்தில் அரை அங்குலத்துக்கு மேல் வேறுபாடு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீறினால் பெரியது பாரம் முழுவதையும் சுமந்து வெடிக்கும்.

ஒரு பின் ஆக்சிலை நீக்கி 4×4 ஆக்குவது பார்க்க அழகு. அதில் போவது என்ன? ஆறு டிரம்மில் இரண்டு போகிறது. டேட்டா பிளேட்டில் உள்ள 5,000 பவுண்டு ரோடில்லாத இடத்துச் சுமை, 10,000 பவுண்டு ரோட்டுச் சுமை எல்லாம் செல்லாது. பின் ஸ்பிரிங் நடுவில் அச்சில் ஆடி இரண்டு ஆக்சிலைத் தாங்கும் அமைப்பு. ஒற்றை ஆக்சிலுக்கு முன்னும் பின்னும் தாங்கி, ஒரு முனையில் ஷாக்கிள் என்று புதிதாகக் கட்ட வேண்டும். டார்க் ராடுகளை (ஆக்சிலை ஃபிரேமோடு பிடித்து நிறுத்தும் தண்டுகள்) அப்படியே விட்டு ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். புரொப்பல்லர் ஷாஃப்டைப் புது நீளத்துக்கு வெட்டிப் பேலன்ஸ் செய்ய வேண்டும். ஃபிரேமில் ஓட்டை போடுவதானால் நிற்கும் தகட்டில் போடுங்கள், மேல் கீழ் விளிம்பில் வேண்டாம். விளிம்பில் வெல்டிங்கும் வேண்டாம். விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். பொருட்காட்சிக்கும் சேற்றில் விளையாடவும் என்றால் செய்யலாம். டிரெய்லர் இழுக்கப் போகிறீர்கள் என்றால் ஆறு சக்கரத்தையும் விட்டுவையுங்கள்.

மின்சாரம்: 24 வோல்ட்டை மாற்றாதீர்கள். ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், மானிகள், டேங்குப் பம்ப் அத்தனையும் அதற்கானவை. ரேடியோவுக்கும் போன் சார்ஜருக்கும் 24-இலிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று போதும். ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 எடுப்பது குறுக்கு வழி: அந்தப் பேட்டரி காலியாகிக்கொண்டே இருக்கும், ஆல்டர்னேட்டர் இரண்டுக்கும் சேர்த்து 28 தள்ளும்போது நிறைந்திருக்கும் மற்ற பேட்டரி கொதித்துச் சாகும். கம்பிகளில் எண் பொறித்த சின்ன உலோகப் பட்டைகள் இருக்கும். அவற்றைப் பிய்த்துப் போடாமல் இருந்தால் வயரிங் வேலை பாதியாகக் குறையும்.

பெயின்டுக்கு ஒரு எச்சரிக்கை மட்டும். ராணுவத்தின் ரசாயனத் தடுப்புப் பூச்சை உலர் சாண்டிங் செய்யாதீர்கள். அடியில் குரோமேட் பிரைமர் இருக்கலாம், பழைய அடுக்கில் ஈயம் இருக்கலாம். ஈரமாகத் தேயுங்கள், தூளுக்கான ரெஸ்பிரேட்டர் போடுங்கள். அதே வகைப் புதுப் பூச்சை ஸ்ப்ரே செய்வதானால் ஐசோசயனேட் வரும். சாதாரண மாஸ்க்குக்கு அது அடங்காது, வெளிக்காற்று குழாயில் வரும் முகமூடி வேண்டும்.

டிரெய்லர். எம்105ஏ2-க்கு லாரியின் சக்கரமே ஏறும், ஸ்டெப்னி ஒன்று போதும். லாரியின் பின்னால் இரண்டு காற்று இணைப்புகள்: ஒன்று சர்வீஸ், ஒன்று எமர்ஜென்சி. எமர்ஜென்சிக் குழாய் டிரெய்லரின் டேங்கை நிரப்பி வைக்கும். அது அறுந்தால் வால்வு டேங்கிலுள்ள காற்றைக் கொண்டு பிரேக்கைப் பிடித்துவிடும். வாங்கியதும் சோதியுங்கள்: இணைத்து, டேங்க் நிறைந்ததும் எமர்ஜென்சியை மட்டும் கழற்றுங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டாவிட்டால் வால்வு போயிருக்கும், இல்லையென்றால் காற்று ஹைட்ராலிக் சிலிண்டருக்கே போய்ச் சேரவில்லை. சோதனை முடிந்து பிரேக் விடவில்லையென்றால் டேங்கின் வடிகுழாயைத் திறந்துவிடுங்கள்.

பல வருடம் நின்ற டிரெய்லரில் ஷூ டிரம்மோடு துருவால் ஒட்டியிருக்கும். லாரியில் கட்டி இழுத்து விடுவிக்கப் பார்த்தால் லைனிங் ஷூவிலிருந்து பிய்ந்து டிரம்முக்குள் உருளும். முதலில் கைப்பிரேக் இரண்டையும் விட்டு, சரிசெய்யும் போல்ட்டைத் தளர்த்தி, டிரம்மைச் சுற்றிலும் மரச் சுத்தியால் தட்டுங்கள்.

பிக்கப்பில் இழுப்பது பற்றி: காலியாகவே ஒரு டன்னுக்கு மேல், சுமையோடு அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பிக்கப்பில் காற்று இல்லை, எனவே பிரேக் இல்லை. வளையத்துக்கு ஏற்ற பின்ட்டில் ஹூக் வைப்பது பெரிய வேலையல்ல, பிரேக்தான் வேலை. மின்சாரத்தால் இயங்கும் ஹைட்ராலிக் ஆக்சுவேட்டரை டிரெய்லரின் வீல் சிலிண்டர்களுக்கு இணைக்கலாம். டிரம் பிரேக்குக்கான 1,000 பி.எஸ்.ஐ. மாடல், டிஸ்குக்கான 1,600 அல்ல. ஆக்சுவேட்டர்கள் பொதுவாக டாட் 3 கேட்கும், ஆகவே சிலிகானை முழுதாக ஒழித்து, சிலிண்டர்களையும் ஹோஸ்களையும் புதிதாக்க வேண்டும்.

விளக்குகளுக்கு 12 முள் பிளக்கில் நான்குதான் தேவை: பி இடது ஸ்டாப்பும் இன்டிகேட்டரும் (கம்பி 22-461), ஜே வலது (22-460), ஈ டெயில் விளக்கு (21), டி எர்த் (90). மறைப்பு விளக்குக் (எதிரி கண்ணில் படாமல் இரவில் ஓட்ட வைத்த மங்கல் விளக்கு) கம்பிகளை முனை மூடி விட்டுவிடுங்கள். 24 வோல்ட் பல்புகளுக்குப் பதில் அதே அடிப்பாகம் கொண்ட 12 வோல்ட் 1156 பல்பு. எர்த்தை ஹூக்கின் உராய்வை நம்பி விடாமல் 90-ஆம் கம்பியை இரு முனையிலும் துரு சுரண்டிய ஃபிரேமில் பிடியுங்கள். இல்லாவிட்டால் பிரேக் மிதிக்கும்போது டெயில் விளக்கு மங்குவதும், இடது இன்டிகேட்டருக்கு வலது பக்கமும் சேர்ந்து கண் சிமிட்டுவதும் தொடர்ந்துகொண்டே இருக்கும்.